ஸ்டியரிங் நடுவே ஒரு மேடு

ரேடியேட்டர் போல்ட்டுகளே என் உயிரை வாங்கிவிட்டன. துருவேறி, ஸ்பேனர் பட்டதும் தலை முறிந்தன. ஸ்டியரிங் சக்கரமோ கழன்று வரவே இல்லை. அப்பா காலத்து டிராக்டரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி முறுக்கினேன்.

"நட்டைக் கழட்டாம இழுத்தா எப்படிங்ணா வரும்?" என்றாள் தங்கை தமிழினி.

"நட்டே இல்ல சாமி. எந்தப் புண்ணியவானோ வெல்டு வெச்சுட்டான்."

அவள் சக்கரத்தின் நடுவிலிருந்த மேட்டைத் திருப்புளியால் சுரண்டினாள். மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காய் உதிர்ந்தது. ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் அம்மா எண்ணெயில் குழைத்து வைத்த சந்தனமும் குங்குமமும் கல்லாய் இறுகியிருந்தன. அடியில், துளித் துருவும் இல்லாமல், நட்டு புதிதாய் மின்னியது.

ஸ்பேனரால் ஒரு தட்டு. பிறகு விரலாலேயே சுழன்றது.

மறுபடி புல்லரைத் தொடும் முன், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.