மிதந்துபோன பலகை

வெள்ளத்தில் ஊரின் உணவுத் தொழில் மொத்தமும் படுத்துவிட்டது என்று நிருபர் எழுதியிருந்தார். முதல் பக்கத்தில் படம்: கூரைவரை தண்ணீர் ஏறிய கட்டடம், அதன் வாசலில் 'அக்கா பேக்கரி' என்ற பலகை.

கட்டடம் யாரோ ஒருவருடைய கிடங்கு. பலகை மட்டும்தான் அக்காவுடையது. புயல் அதைப் பிடுங்கிப் போட, வெள்ளம் இழுத்துப் போய் அங்கே சாத்தியிருந்தது. பாலத்தின் மேல் நின்று பார்த்த நிருபர் பலகையை நம்பிவிட்டார்.

விஷயம் தெரிந்ததும் மேட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார். பேக்கரியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தட்டுகளில் மாவு பொங்கி நின்றது. வெளியே வண்டி காலியாக நின்றது.

"வாங்க சார். மூழ்கிப்போனவ கையால ஒரு டீ குடிங்க" என்றாள் அக்கா.

வண்டி ஓட்டும் கொழுந்தன் சிரித்தான். "அண்ணி, சாருக்கு நீச்சல் தெரியுமான்னு கேளுங்க."

"தப்புதாங்க. நாளைக்கே திருத்தம் போட்டுடறோம்."

"எந்தப் பக்கம்?"

"ஏழாம் பக்கம்... கீழே."

"முதல் பக்கத்துல மூழ்கடிச்சுட்டு ஏழாம் பக்கத்துல தூக்கிவிடுவீங்களோ? நாளைக்கு ஆகாது சார். மாவு காத்திருக்காது. கடைக்காரங்க எல்லாரும் சரக்கு வேணாம்னுட்டாங்க. நான் போன் பண்ணா, நனைஞ்ச மாவைத் தலையில கட்டப் பாக்குறேன்னு நினைக்கிறாங்க. நீங்க பேசுங்க."

நிருபர் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"அந்தச் செய்தியை எழுதினவன் பேசறேங்க. அக்கா பேக்கரிக்கு ஒண்ணும் ஆகலை. நேர்ல பாத்துட்டுதான் சொல்றேன்."

"காலைல எழுதினது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?" என்றார் முதல் கடைக்காரர்.

நிருபர் ஒப்புக்கொண்டார். "காலைல எழுதினதுங்க."

எதிர்முனையில் சிரிப்பு வெடித்தது. "பத்திரிகைக்காரர் வாயால இதைக் கேக்க இத்தனை வயசாயிடுச்சு எனக்கு. எப்பவும்போல அனுப்பச் சொல்லுங்க."

இன்னொருவர் வறுத்தெடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார். வேறொருவர் பலகைக் கதையை முதலிலிருந்து சொல்லவைத்து, தன் மனைவியையும் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். ரொட்டித் தட்டுகள் ஒவ்வொன்றாக வண்டியில் ஏறின. அக்கா அடுத்த மாவை அடுப்பில் தள்ளினாள். முகம் தெளிந்திருந்தது.

கடைசிக் கடைக்காரர் கேட்டார்: "எண்ணெய் மில்லும் போச்சுன்னு எழுதியிருந்தீங்களே, அதாச்சும் நிஜமா?"

நிருபர் அதையும் பாலத்திலிருந்துதான் பார்த்திருந்தார்.

"பாத்துட்டுச் சொல்றேங்க."

அக்கா சூடான பன் ஒன்றை அவர் கையில் திணித்தாள். "மில்லுக்காரர் எங்க பெரியப்பாதான். வயித்துல ஏதாவது போட்டுட்டுப் போங்க. அவர் திட்ட ஆரம்பிச்சா லேசுல விடமாட்டார்."

நிருபர் வண்டியில் ஏறினார். காலையிலிருந்து பட்டினி. தெருமுனை திரும்புவதற்குள் பன் தீர்ந்துவிட்டது. பின்னாலிருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"எடுத்துக்குங்க சார். ஆனா இதையும் எழுதிடாதீங்க" என்றான் கொழுந்தன்.