எஸ்னாத் மீது நான் எழுதிய அறிக்கை

என் வீட்டுக்காரர் சேனாபதிக்குக் கதை சொல்லத் தெரியாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனில் எந்த வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு ஆண்கள் பேப்பர் பிளேட்டோடு நின்றாலும் நடுவில் நிற்பவர் அவராகத்தான் இருப்பார். போன நவம்பரில் நண்பர் ரூஃபஸ் வீட்டில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக்கில், மேலே மிச்சமிருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டு நான் படியிறங்கியபோதும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"பவளத்துக்குத் தெரியாம ஒரு டஜன் கச்சாயத்தை ஷூவுக்குள்ள சொருகி ஆப்பிரிக்கா வரைக்கும் கடத்திட்டுப் போயிட்டேன் ரூஃபஸ். ரெண்டுதான் தின்னேன். டீ குடிக்கப் போன கேப்புல பபூன் குரங்குப் பட்டாளமே உள்ள பூந்துருச்சு. மிச்சம் பத்தையும் முழுங்கிட்டு, டென்ட்டையும் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிருச்சு!"

ரூஃபஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். கச்சாயம் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் அதிரசம் என்பார்களே, அதுதான். கோபிக்காரரான இவருக்கு அது உயிர். ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எட்டரையில் நிற்பதால் இரண்டு வருஷமாக நான் வீட்டில் வெல்லம் வாங்குவதே இல்லை. பலகாரம் செய்து விற்கும் பர்வதம் ஆன்ட்டியிடம் ரகசியமாக ஆர்டர் கொடுத்து வாங்கியிருக்கிறார். தின்றதுகூடப் பரவாயில்லை. அந்தக் கச்சாயம் இல்லவே இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டு ஒருத்தியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அக்டோபரில் ஜாம்பியாவுக்குப் போனோம். அந்த லாட்ஜைத் தேடிப் பிடித்தவள் நான். ஆற்றங்கரையில் எட்டே எட்டுக் கூடாரங்கள். சுற்றியிருக்கும் காட்டைக் காப்பதும் லாட்ஜை நடத்துவதும் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள்தான். வருகிற லாபத்தில் அவர்களுடைய பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடக்கின்றன. வேலைக்கு ஆள் எடுப்பது, நிறுத்துவது எல்லாம் கிராமக் கமிட்டி சொல்வதுதான். வெள்ளைக்காரன் முதலாளியாக இருக்கும் இடத்தில் போய்ப் படுப்பதைவிட இது நல்லது என்று இவரிடம் நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

எங்கள் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டவள் எஸ்னாத். முப்பத்தைந்து வயது இருக்கும். அளந்துதான் பேசுவாள், ஆனால் பேசினால் முகத்தைப் பார்த்துப் பேசுவாள். போய் இறங்கியவுடனே அவள் கேட்டது சாப்பாட்டைத்தான். கூடாரத்துக்குள் தின்பண்டம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் பபூன் குரங்குகள் வாசம் பிடித்து வரும், ஒரு முறை ருசி கண்டால் எல்லாக் கூடாரத்தையும் கிழிக்கும் என்றாள். நம்மவர்கள் சாப்பாடு இல்லாமல் எங்கே போகிறோம்? புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, தட்டுவடை, ஆவக்காய் என்று ஒரு பைநிறையக் கொண்டுபோயிருந்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, சமையலறைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "வேறு ஏதாவது?" என்றாள். எல்லாம் கொடுத்தாயிற்று என்றேன். அவள் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் விருந்தினர்களைக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். தலைவலி என்று இவர் வரவில்லை. நான் திரும்பி வந்தபோது கொசுவலை மரத்தில் தொங்கியது. மெத்தையின் பஞ்சு ஆற்றுவரை இறைந்து கிடந்தது. கூடாரத்தின் பின்பக்கத் துணி மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. இவர் வாசலில் வியர்த்து நின்றார்.

"நான் டீ குடிக்கப் போனேன் பவளம். அந்தப் பொண்ணு கிளீன் பண்ண வந்தா. ஜிப்பை ஒழுங்கா க்ளோஸ் பண்ணாம போயிட்டா போல" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் சொல்கிறார். நம்பினேன்.

மேனேஜர் பண்டா வந்தார். எஸ்னாத்தும் வந்தாள். அவள் தரையைக் காட்டித் தன் மொழியில் அவரிடம் படபடவென்று ஏதோ சொன்னாள். இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தாள். தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நடந்ததை எழுதித் தர முடியுமா என்று பண்டா கேட்டார்.

எழுதுவதற்கு என்னைவிட ஆள் உண்டா? மருந்துக் கம்பெனியில் பதினேழு வருஷமாக என் வேலையே அதுதான். தயாரிப்பில் ஏதாவது தப்பு நடந்தால், எத்தனை மணிக்கு, யார், எதைச் செய்தார், எதைச் செய்யவில்லை என்று விசாரித்து எழுத வேண்டும். வேலை செய்தவர் மேல் பழியைப் போட்டு ஃபைலை மூடாதே, இன்னும் தோண்டு என்று புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அங்கே மட்டும் தோண்டவில்லை. இவர் சொன்னதை அப்படியே வாங்கி, மணி நிமிஷத்தோடு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். உணவு முழுவதும் முதல் நாளே ஒப்படைக்கப்பட்டது. சுத்தம் செய்த பின் ஜிப் மூடப்படவில்லை. கடைசியில் பெரிய மனசோடு, அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டாம் என்று ஒரு வரி வேறு. இப்போது நினைத்தால் அந்த வரிதான் என்னை அதிகம் கூச வைக்கிறது. செய்யாத தப்புக்கு மன்னிப்பு!

அடுத்த நாள் வேறொரு பெண் படுக்கை போட வந்தாள். எஸ்னாத் எங்கே என்று கேட்டதற்கு, வீட்டுக்குப் போய்விட்டாள் என்றாள். லீவு என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்லக்கிலிருந்து திரும்பும்போது காரிலேயே கேட்டேன்.

"ஏங்க, ஜிப்பைத் திறந்து போட்டது யாரு?"

"நான்தான். இப்ப என்ன அதுக்கு?"

"அவ மேல சொன்னீங்களே!"

"அந்த டைம்ல வாயில வந்துருச்சு பவளம். கச்சாயம்னு சொன்னா நீ சாமி ஆடுவே. நீ பாட்டுக்கு உக்காந்து ரெண்டு பக்கம் எழுதுவேன்னு நான் கண்டேனா?"

ஆக, தப்பு என்னுடையதாம். ரூட் ஒன் நெடுஞ்சாலையில் அந்த நிமிஷமே காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்திருக்க வேண்டும். வெளியே உறைநிலைக்கும் கீழே, ஃபாரன்ஹீட்டில் இருபத்தெட்டு டிகிரி குளிர். உட்கார்ந்தே வந்தேன்.

மறுநாள் காலை பண்டாவுக்கு மெயில் அனுப்பினேன். என் அறிக்கை தவறு, உணவை ஒளித்தவரும் ஜிப்பைத் திறந்து போட்டவரும் என் கணவர் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. கோபமாகத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரியாதையாக எழுதியிருந்தார்.

எஸ்னாத் அன்றைக்கே இதைத்தான் சொன்னாளாம். தரையில் எறும்பு வரிசையாகப் போகிறது, இங்கே இனிப்பு இருந்திருக்கிறது, நான் ஜிப்பை மூடிக் கொக்கியும் மாட்டிவிட்டுத்தான் போனேன் என்று சொல்லியிருக்கிறாள். "அவள் வாய்வார்த்தையையும் உங்கள் எழுத்தையும் கமிட்டி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. உங்கள் எழுத்து மிகத் தெளிவாக இருந்தது" என்று எழுதியிருந்தார். அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். திரும்ப எடுக்க வேண்டுமானால் கமிட்டி மறுபடி கூட வேண்டும். அதற்கு என் மெயில் போதாது, நடந்தபோது நான் அங்கே இல்லாதவள். உணவை வைத்திருந்தவரே இரண்டு வரி எழுதித் தந்தால் போதும் என்று கேட்டிருந்தார்.

எறும்பு! நான் மிதித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். குனிந்து பார்க்கவில்லை.

மெயிலை இவரிடம் காட்டினேன். படித்துவிட்டு லேப்டாப்பை மூடினார்.

"ரைட்டிங்ல எல்லாம் குடுக்க முடியாது. சிட்டிசன்ஷிப் இன்டர்வியூ வருது. வேற நாட்டுல ரூல் பிரேக் பண்ணேன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு அது எங்க வந்து நிக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"கச்சாயம் தின்னதுக்கு யாருங்க சிட்டிசன்ஷிப் தர மாட்டேன்னு சொல்வாங்க?"

"உனக்குப் புரியாது. வேணும்னா நீயே என் பேர்ல எழுதி அனுப்பிரு. நல்லாத்தான் எழுதுறியே."

அன்றைக்கு அழுதேன். இவர் திருடித் தின்றதற்காக இல்லை. என் கையை எடுத்து ஒருத்தியை அறைந்துவிட்டு, இன்னொரு தடவையும் அதே கையைக் கேட்கிறாரே என்றுதான். கெஞ்சினேன், சண்டை போட்டேன், நாலு நாள் பேசாமல் இருந்தேன். கல்லில் நார் உரிக்கலாம், இவரிடம் இரண்டு வரி வாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம் கேட்பதை விட்டுவிட்டேன். விஷயம் முடிந்தது என்று இவரும் நிம்மதியானார்.

டிசம்பரில் பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில், இவருடைய நண்பன் சபரி வீட்டில் பிறந்தநாள். கேக் வெட்டி முடித்ததும் சபரி ஆரம்பித்தான். "அண்ணே, ரூஃபஸ் சொன்னாரு. அந்தக் குரங்குக் கதையைச் சொல்லுங்கண்ணே!"

இவர் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றார். நான் கைப்பையிலிருந்து போனை எடுத்து எல்லோரும் பார்க்க நீட்டினேன். பார்ட்டியில் வீடியோ எடுப்பது யாருக்கும் புதிதில்லை. இவர் கேமராவைப் பார்த்துச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். ஷூவுக்குள் கச்சாயம், தலைவலி நாடகம், டீ குடிக்கப் போனது, திறந்து கிடந்த ஜிப் எல்லாம் வந்தது. அந்தப் பெண் மேல் பழி போட்ட இடத்தில் கொஞ்சம் தயங்கினார். விட்டுவிடுவாரோ என்று பயமாக இருந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். உடனே தெம்பு வந்து அதையும் சொன்னார்.

அன்று மாலையே அந்த வீடியோவில் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆங்கிலத்தில் எழுதி பண்டாவுக்கு அனுப்பினேன். அனுப்பியதை இவரிடம் மறைக்கவும் இல்லை. முகம் சிவந்து, "கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்துட்டியே" என்றார்.

ஜனவரி பாதியில் மெயில் வந்தது. கமிட்டி வீடியோவைப் பார்த்ததாம். எஸ்னாத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கூடார வேலை வேண்டாம், துணி துவைக்கும் இடத்தில் போடுங்கள் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். விருந்தினர் சொல்லுக்கு எதிராகத் தன் சொல் நிற்கும் இடத்தில் இனி வேலை செய்ய மாட்டாளாம். வீடியோவோடு சேர்த்து நான் அனுப்பியிருந்த மன்னிப்புக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். கேட்டு முடித்ததும் அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம்.

சாப்பிட உட்கார்ந்தபோது அதை இவருக்குச் சத்தமாகப் படித்தேன்.

"பாத்தியா? வேலை கிடைச்சுருச்சுல்ல. இதுக்குப் போயி ரெண்டு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருந்தே. ரசம் இருக்கா?"

ரசத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். தட்டுக்குப் பக்கத்தில் இந்த வருஷத்து டாக்ஸ் பேப்பர் கிடந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் வழக்கம்போல மஞ்சள் ஒட்டு ஒட்டி வைத்திருந்தார். வீட்டு லோன், கிரீன் கார்டு, இன்ஷூரன்ஸ் என்று இந்த மனுஷன் வாயால் சொன்னதை நம்பி இருபத்திரண்டு வருஷமாக நான் எங்கெங்கே கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துப் பார்த்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து டாக்ஸ் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.