நீர்மாலைத் தண்ணீர்

நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் புறப்பட்ட அண்ணனின் கையிலிருந்து பித்தளைக் குடத்தை வடிவு பிடுங்கிக்கொண்டாள். ஊதிக்கொண்டிருந்த சங்கு நின்றது.

"அந்தக் குளத்துத் தண்ணியில அம்மையைக் குளிப்பாட்ட விடமாட்டேன். அவளைக் கொன்னதே அந்தத் தண்ணிதான்."

"ஏளா, குடத்தைக் குடு. நேரமாவுது" என்றான் செல்வதுரை. துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன். விடியத்தான் வந்து சேர்ந்திருந்தான்.

சுடலைமாடத்தி அத்தை வாசலிலிருந்தே கத்தினாள். "பி.எஸ்ஸி படிச்சிட்டா பெத்தவளுக்குக் கடைசித் தண்ணிகூட வேண்டாம்னு சொல்லுவியோ? ஊருல எவளாவது இப்படிச் செய்வாளா?"

"ஊருல எவ படிச்சிருக்கா, செய்யதுக்கு?"

உள்ளே பெஞ்சில் அம்மை பேச்சித்தாய் கிடந்தாள். நேற்று மத்தியானம் தாமரை இலை பறிக்கக் குளத்தில் இறங்கியவள். முப்பது வருசமாக அதுதான் பிழைப்பு. தூத்துக்குடிச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் பூக்கடைகளுக்கும் கட்டுக்கட்டாக இலை போகும். வடிவு காலேஜ் முடித்ததும் அந்த இலையால்தான்.

முன்பெல்லாம் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்றே பறித்துவிடுவாள். இரண்டு வருசமாக மழை சரியில்லை. வற்றிக் குறைந்த தண்ணீர் வெயிலில் சூடேறியது. வயல்களிலிருந்து உரத்தண்ணீர் வடிந்து வடிந்து, பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியது போலப் பாசி. அதற்கு மேல் ஆகாயத்தாமரை. அடியில் விடுகிற தாமரைத் துளிருக்கு வெளிச்சம் எட்டவில்லை, கிழங்கு அழுகியது. நடுக்குளத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பறிக்க நீந்திப் போனவளை ஆகாயத்தாமரை பின்னிக்கொண்டது.

இதெல்லாம் வடிவுக்குப் பாடமாகவே தெரியும். யார் மேல் பாய்வதென்பதுதான் தெரியாமல் இருந்தது. காலையில் அத்தை வாய்தவறி ஒன்றைச் சொன்னாள். அண்ணன் கிடைத்துவிட்டான்.

"போன தையில ரெண்டு மூட்டை யூரியா கொண்டாந்து குளத்துல கொட்டுனியாமே? கப்பல்ல கிழிஞ்ச மூட்டை. வயக்காரன் விட்டது பத்தாதுன்னு நீ வேறயா? மூளை இருக்கா உனக்கு?"

செல்வதுரை அவளைப் பார்த்தான். சொல்லாமலே போய்விடுவான் போலத்தான் இருந்தது. அத்தை விடவில்லை. "சொல்லுலே. தெரிஞ்சுக்கிடட்டும்."

"அம்மைதான் கேட்டா" என்றான். "தாமரை இலை மஞ்சளா பழுக்குதேன்னு அழுதா. உன் கடுதாசியை எடுத்துக் காட்டுனா."

"எந்தக் கடுதாசி?"

"முதல் வருசம் காலேஜுல இருந்து போட்டியே. செடிக்கு நைட்ரஜன்தான் சோறு, அது இல்லேன்னா இலை பழுக்கும், தண்ணிக்குள்ள இருக்க செடிக்கும் அப்படித்தான்னு. மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு கிடந்துச்சு. திரும்பவும் வாசிக்கச் சொன்னா. எம்மவ எழுதியிருக்கா, தப்பா இருக்குமான்னா. மூட்டையை இறக்கிக் குடுத்தேன். அவளேதான் சுளவுல அள்ளி அள்ளி வீசுனா. என்னை ஒரு கை அள்ளவிடலை."

வடிவு வாயைத் திறந்தாள். எழுதியதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. அந்தப் பாடத்தின் பரீட்சையில் அவளுக்குத்தான் முதல் மார்க்.

"இப்பவாவது குடு" என்று செல்வதுரை கையை நீட்டினான்.

"நான் எடுக்கேன்."

"மகன் கல்லு மாதிரி நிக்கான், மகளா எடுக்கது?" என்றாள் அத்தை. செல்வதுரை, குடம் எடுக்கிறவர் தலைக்கு மேல் பிடிக்கிற வெள்ளை வேட்டியின் ஒரு முனையைப் போய்ப் பிடித்துக்கொண்டான். தங்கையைப் பார்க்கவில்லை.

குளத்துத் தண்ணீர் கணுக்காலைச் சுட்டது. ஆகாயத்தாமரையை வடிவு முழங்கையால் தள்ளினாள். தள்ளிய இடத்தைப் பாசி வந்து மூடியது. மறுபடி தள்ளினாள். மறுபடி மூடியது. அதோடேயே குடத்தை அமுக்கினாள்.

அம்மையின் தலையில் ஊற்றியபோது நெற்றி மஞ்சள் கரைந்து ஓடியது. புருவத்தில் ஒரு துணுக்குப் பாசி ஒட்டி நின்றது. துடைக்க அத்தை கையை நீட்டினாள்.

"தொடாதீங்க."

வடிவு அதை விரல் நுனியில் எடுத்தாள். எங்கே போடுவதென்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு விரலை மடக்கிக்கொண்டாள்.