பன்னிரண்டு கடையாணிகள்

வாசுதேவனின் மேஜையில் ஒரு உடைந்த ஆணி உண்டு. சுண்டுவிரல் நீளம், நடுவில் முறிந்தது. முனிர்கா ஃப்ளாட்டில் அவர் அறைக்குள் யார் நுழைந்தாலும், காஸ் சிலிண்டருக்குப் பணம் வாங்க வருகிறவராகவே இருந்தாலும், அதன் கதையைக் கேட்காமல் தப்ப முடியாது. தில்லியில் ஒரு பொறியியல் கல்லூரியில் முப்பத்தைந்து வருடம் மெக்கானிகல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். வடிவமைப்புக் கோட்பாடு என்றால் நாட்டில் நாலு பேர் அவர் பெயரைச் சொல்வார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் அவரிடமே படித்தவர்கள் என்பது வேறு விஷயம்.

ஆணியின் கதை இதுதான். தொண்ணூற்றாறில் தில்லிக்குத் தெற்கே ஒரு பெரிய குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தலையில் செங்கல் சுமப்பதைப் பார்த்து மனசு பொறுக்காமல் வாசுதேவன் ஒரு தள்ளுவண்டி வடிவமைத்து, ஆறு வண்டி செய்து கொடுத்தார். பதினைந்தே நாளில் ஆறும் சக்கரம் கழன்று படுத்துவிட்டன. சக்கரத்தை அச்சில் பிடித்து நிறுத்தும் ஆணி, வண்டிக்கு இரண்டாகப் பன்னிரண்டும் முறிந்திருந்தது. வேறு யாராவது என்றால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். இவர் உடைந்த ஆணிகளைச் சாக்குப்பையில் அள்ளிவந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பக்கவாட்டில் கல் மோதி உடைந்தது என்று கண்டுபிடித்து, தடித்த ஆணி போட்டு மறுபடி செய்தார். வண்டி ஓடியது. 'ஒரு பொருளை மனிதர்கள் உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை அதன் பலவீனமான பாகம்தான் முதலில் சொல்லும்' என்ற அவருடைய கோட்பாடு அங்கே பிறந்தது. அவர் எழுதிய புத்தகத்தில் அது நாலாவது அத்தியாயம். அதே ஆணியை ஆராய்ந்து ஜெயந்த் என்ற மாணவர் டாக்டர் பட்டம் வாங்கி, இன்று அதே துறைக்குத் தலைவராக இருக்கிறார். அச்சாணி இல்லாத தேர் முச்சாண் ஓடாது என்பார்கள். இங்கே உடைந்த ஆணியை வைத்துக்கொண்டே இரண்டு பேர் முப்பது வருடம் ஓட்டிவிட்டார்கள்.

புத்தகத்தின் புதிய பதிப்புக்கு அச்சுப்படி வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். புதன்கிழமை கிருத்திகை. மனைவி ருக்மிணி மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்ததால், எட்டு மாதமாகச் சமையலுக்கு வரும் பவுனு முதல் தடவையாக அந்த அறைக்குள் காபி கொண்டுவந்தாள். மேஜையில் இடம் தேடியவள் ஆணியைக் கையில் எடுத்துவிட்டாள்.

"இது எங்க வண்டிக் கடையாணியாச்சே!"

"எந்த வண்டி?"

"செங்கல் வண்டி சார். நீலப் பெயிண்டு அடிச்சது. கட்டட வேலைக்குப் போனப்ப ஒரு ப்ரொஃபஸரு கொண்டாந்து குடுத்தாரு. தலை நெறைய முடி அவருக்கு." பவுனு நிறுத்தி, எதிரே இருந்த வழுக்கையைப் பார்த்தாள். "ஐயோ, நீங்களா சார்?"

வாசுதேவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய வண்டியைத் தள்ளிய ஒருத்தி அவர் வீட்டிலேயே சாம்பார் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பேனாவைத் திறந்துகொண்டார். "உட்காரும்மா. கல்லுல மோதித்தானே உடைஞ்சுது?"

"கல்லா? சுத்தியல் சார். ஏழெட்டு நான் ஒடச்சேன், மிச்சம் பூங்கோதை அக்கா. மத்தவங்க யாராச்சும் வர்றாங்களான்னு பாத்துக்கிட்டாங்க."

பீன்ஸ் நறுக்குவது எப்படி என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஒரு வண்டி இரண்டு ஆள் வேலையைச் செய்தது. வந்த அன்றைக்கே மேஸ்திரி யாரை நிறுத்தலாம் என்று தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டான். உடைக்காமல் என்ன செய்வது?

பன்னிரண்டு ஆணியும் ஒரே பக்கம் நசுங்கியிருந்ததை வாசுதேவன் அன்றே பார்த்தவர்தான். அதற்கு அம்புக்குறி போட்டுப் படம் வரைந்திருக்கிறார், சமன்பாடு எழுதியிருக்கிறார். சுத்தியல் என்று மட்டும் தோன்றவில்லை.

"நான் ரெண்டு தடவை வந்து கேட்டேனேம்மா. இருபத்திரண்டு கேள்வி. யாரும் வாயைத் திறக்கலையே."

"இந்தியில கேட்டீங்க. மேஸ்திரி பக்கத்துலயே நின்னான். பாரம் கம்மியானா நல்லதான்னீங்க, அச்சா ஹைன்னோம். நீங்க தமிழ் ஆளுன்னு எங்களுக்குத் தெரியும் சார், கார் டிரைவர்கிட்ட தமிழ்ல பேசுனீங்க. நம்மகிட்ட மட்டும் ஏன் இந்தியில பேசுறாருன்னு அக்காகூடக் கேட்டுச்சு."

காரணம் இருந்தது. அங்கே கல் சுமந்த பதினாலு பேரில் ஐந்து பேர் பீகார்ப் பெண்கள். எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே மொழியில் கேட்டால்தான் பதில்களை ஒப்பிட முடியும். அது விதி. அதை எழுதியவரும் அவரே, அறுபத்தோராம் பக்கம். விளக்கப்போனவர் பவுனுவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தார்.

ஜெயந்துக்குப் போன் போட்டார். ஜெயந்த் விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "விட்டுடுங்க சார். யாருக்குத் தெரியப்போறது?" என்றார். ஐந்தே நிமிடத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "சார், இது இன்னும் நல்லதாப் போச்சு. பலவீனமான பாகம்தானே பேசியிருக்கு? நம்ம தியரி கரெக்ட்!" குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. வாசுதேவனுக்குக் கோபம் வந்தது. அதே சமாதானம் ஜெயந்துக்கு முன்பே தமக்கும் தோன்றியிருந்ததுதான் கோபத்துக்குக் காரணம்.

கோயிலிலிருந்து வந்த ருக்மிணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு விபூதியை நீட்டினாள். "நடந்ததை எழுதிடுங்கோ. குடுத்த பட்டத்தை யாரும் திருப்பிக் கேக்கப்போறதில்லை."

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். நன்றாகவே வந்தது. சுத்தியல், காவல் நின்ற பெண்கள், பூதக்கண்ணாடியோடு ஏமாந்த பேராசிரியர் எல்லாம் இருந்தது. எழுதும்போதே இரண்டு இடத்தில் தாமே சிரித்துக்கொண்டார்.

வெள்ளி காலை அதைச் சமையலறைக்கு எடுத்துப்போய்ப் பவுனுவுக்குத் தமிழில் சொன்னார். தம் கோட்பாட்டைத் தமிழில் சொல்வது அவருக்கு அதுவே முதல் தடவை. பாதி வார்த்தைக்குத் தடுமாறினார். பவுனு சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். முடிந்ததும், "எல்லாம் சரிதான் சார். தடி ஆணிய விட்டுட்டீங்களே," என்றாள்.

"அது நன்னா ஓடித்தேம்மா."

"ஓடுச்சு. அதையும் அடிச்சுப் பாத்தோம், நசுங்கக்கூட இல்ல. மறு வாரமே மேஸ்திரி எட்டுப் பேர வேணாம்னு அனுப்பிட்டான். எனக்கு வண்டி தள்ள வந்துச்சு, நான் தப்பிச்சேன். பூங்கோதை அக்கா அரியானாவுல சூளைக்குப் போச்சு. அங்கயும் தலையில செங்கல் சொமக்குற வேலைதான். அப்புறம் நான் அக்காவப் பாக்கவே இல்ல."

வாசுதேவன் அறைக்குத் திரும்பி அச்சுப்படியைப் புரட்டினார். நாலாவது அத்தியாயத்தின் மூன்றாவது அட்டவணை. வண்டிக்கு முன்: தொழிலாளர் பதினான்கு. வண்டிக்குப் பின்: ஆறு. மேலே தடித்த எழுத்தில் தலைப்பு: 'முன்னேற்றம்'. மூன்று பதிப்பாக அது அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அவர்தான் எண்களைச் சரிபார்த்திருக்கிறார். பதினாலில் ஆறு போனால் எட்டு என்று ஒரு தடவைகூடக் கழித்துப் பார்க்கவில்லை. ஏமாந்தவன் என்று எழுதிக்கொண்டது எத்தனை சௌகரியமாக இருந்தது என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. முதல் ஆணியை அந்தப் பெண்கள் உடைத்தார்கள், சரி. அவர்களால் உடைக்க முடியாத ஆணியைச் செய்து கொடுத்தது அவர்.

இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டார். தலைப்பை அடித்தார். மறுபடி சமையலறைக்குப் போய், "அந்த எட்டுப் பேர் பேரைச் சொல்லும்மா," என்றார்.

பவுனு கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். பூங்கோதையில் ஆரம்பித்து ஏழு பெயர் வந்தது. எட்டாவது விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஒரு பீகார்ப் பொண்ணு சார். மூக்குல பெரிய வளையம். மொகம் அப்படியே நிக்குது, பேருதான் வர மாட்டேங்குது."

நடந்ததை நாலு வரியில் எழுதி, அட்டவணைக்குக் கீழே, வேலை இழந்தவர்கள் என்று ஏழு பெயரையும் வரிசையாகப் போட்டார். எட்டு என்று எண் போட்டு, எதிரே வெறும் கோடு இழுத்து அனுப்பினார். ஜெயந்திடமிருந்து மூன்று அழைப்பு வந்தது. எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். எட்டாவது பெயர் விடுபட்டிருக்கிறது, உடனே அனுப்பி உதவவும்.

வாசுதேவன் பதில் எழுதினார். "விடுபடவில்லை. அவள் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு தடவை எதிரே நின்று இருபத்திரண்டு கேள்வி கேட்டேன், அதைக் கேட்கவில்லை. கோடு அப்படியே இருக்கட்டும்."