வந்துகொண்டிருந்த மகள்

"குட்டி, அவ சமையலறையில நிக்கிறா," என்று அப்பா போனில் கிசுகிசுத்தார். "பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குது."

மகள் கையிலிருந்த டம்ளரைச் சத்தமில்லாமல் சமையல் மேடையில் வைத்தாள். அப்பாவின் குரல் அவளுக்கு இரண்டு முறை வந்தது. ஒன்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னொன்று காதில் வைத்திருந்த போனிலிருந்து.

"பயப்படாதீங்கப்பா. வந்துட்டே இருக்கேன்," என்றாள் அடிக்குரலில்.

"எங்க இருக்க?"

"பஸ்லப்பா. பாலத்துக்கிட்ட."

"சீக்கிரம் வா. மூக்கு, முழி எல்லாம் உன்னையே உரிச்சு வெச்சிருக்கா. யாரு ஏற்பாடு பண்ணி அனுப்பினாங்களோ." மூச்சு வாங்கினார். "ஆனா டீ நல்லா போடுறா. அங்கதான் மாட்டிக்கிட்டா. உனக்கு என்னைக்கு டீ போட வந்திருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவின் தலைக்குள் வலது பக்கத்தில் கட்டி. டாக்டர் படத்தைக் காட்டி விளக்கியிருந்தார். முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்கிற இடம் மூளையில் ஒழுங்காகவே வேலை செய்கிறது. அங்கிருந்து, பார்த்ததும் பாசத்தைக் கிளப்பிவிடுகிற இடத்துக்குப் போகும் பாதையைத்தான் கட்டி நசுக்கிவிட்டது. மகளின் முகம் தெரிகிறது, மகளைப் பார்த்த நிறைவு வருவதில்லை. கணக்கு இடிக்கிறது. அதனால் மூளை, இவள் வேறு எவளோ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. காதுக்குப் பாதை வேறு. அது இன்னும் திறந்திருந்தது. ஆனால் அவள் முகம் தெரிய நேரில் நின்று பேசினால், "குரலையும் திருடிட்டியா?" என்பார்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நல்ல நிலையில் இருந்திருந்தால், "எந்த வயரு கட்டாயிருக்குன்னு சொல்லுங்க சார், பாத்துடலாம்," என்று டாக்டரையே கேட்டிருப்பார்.

போன வாரம் அவள் படுக்கை விரிப்பை மாற்றக் குனிந்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து பெரிய ஸ்க்ரூடிரைவரை உருவி ஓங்கினார். மணிக்கட்டில் கீறியது. அதைவிட அவர் கண்கள்தான் அவளைக் கதிகலங்க வைத்தன. பெற்ற மகளைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றிலிருந்து அவர் விழித்திருக்கும்போது அவள் அறைக்குள் போவதில்லை. எல்லாம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் நர்ஸக்காதான்.

போனில் ஏதோ விழுந்த சத்தம். பிறகு பேச்சில்லை.

சற்று நேரத்தில் நர்ஸக்கா அப்பாவின் அறையிலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்தினாள். "மூச்சு மாறிடுச்சும்மா. விட்டு விட்டு வருது. போனப் பிடிக்கக்கூடத் தெம்பில்ல. நீ உள்ள போயிடு."

"என்னைப் பாத்தா பயந்துடுவாரே அக்கா."

"இதுக்கு மேல தள்ளிப்போடாத."

உள்ளே போனால், கடைசியாக அப்பா பார்ப்பது மகளின் முகத்தை மாட்டிக்கொண்டு வந்த ஒருத்தியை. போகாவிட்டால், அவரைப் பொறுத்தவரை மகள் பாலத்துக்கிட்ட பஸ்ஸிலேயே இருந்துவிடுவாள்.

"கண்ணு வேற முழுசா மூட மாட்டேங்குது," என்றாள் நர்ஸக்கா. "காஞ்சு போகுதேன்னு ஈரத்துணி போட்டிருக்கேன்."

"கண்ணு மேலயா?"

"ஆமா, ஏன்?"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே போனாள். கதவைச் சாத்திவிட்டு அழைப்பு மணியை அழுத்தினாள். பிறகு கதவைத் தடாலென்று திறந்து, செருப்பைச் சத்தத்தோடு உதறினாள்.

"அப்பா! வந்துட்டேன்பா!"

அறைக்குள் அப்பாவின் உதடு அசைந்தது. "குட்டி..."

அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அந்தக் கை திருப்பிப் பிடித்தது. அது அப்படிப் பிடித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. தலையணைக்கு அடியில், எடுத்தால் அலறுவார் என்று நர்ஸக்கா விட்டுவைத்திருந்த ஸ்க்ரூடிரைவரின் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ?"

"போயிட்டாப்பா. என்னைப் பாத்ததும் ஒரே ஓட்டம்."

"பாவம்," என்றார் அப்பா. "நல்லாத்தான் பாத்துக்கிட்டா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"துணிய எடு குட்டி. உன்னைப் பாக்கணும்."

அவருடைய இன்னொரு கை முகத்தை நோக்கி மெல்ல எழும்பியது. அவள் பாய்ந்து அதைப் பிடித்தாள். "வேணாம்பா. கண்ணு எரியும்."

"இருட்டா இருக்கு."

சின்ன வயதில் விடுமுறை நாட்களில் அவரோடு வேலைக்குப் போயிருக்கிறாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், கதவிடுக்கில் வாயை வைத்து அவர் பேசிக்கொண்டே இருப்பார். கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பேச்சுதான்.

"கரண்டு போயிருக்குப்பா," என்றாள். அவருடைய வார்த்தைகளையே எடுத்துச் சொன்னாள். "பதறாதீங்க. கதவைத் தட்டாதீங்க. நான் இங்கயேதான் நிக்கிறேன். என்கூடப் பேசிக்கிட்டே இருங்க."

அப்பாவின் வாயோரம் லேசாகக் கோணியது. சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். "சுவரோரமா உக்காரணும்," என்றார்.

"ஆமா. சுவரோரமா உக்காருங்க. இப்ப வந்துடும். இந்தா, வந்துடும்."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில் இடம் கிடைக்காததை, பாலத்தில் நெரிசலை, நடக்காத எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. ஒரு இடைவெளிக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. அவள் அப்போதும் பேச்சை நிறுத்தவில்லை. நர்ஸக்கா வந்து நாடி பார்த்து, அவள் தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

"துணிய எடுத்துட்டு, கண்ண மூடி விடும்மா."

மகள் கையை நீட்டினாள். துணியின் ஓரம் காய்ந்திருந்தது. விரல் அதைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"நீங்க எடுங்கக்கா," என்றாள்.

நர்ஸக்கா குனிந்தபோது, அவள் கட்டிலை விட்டு எழுந்து போய், அங்கிருந்து பார்த்தால் தெரியாதபடி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.