கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்க்

…வந்துவிட்டார்கள், அதுவரைக்கும் சரி, ஆனால் ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டாமா, எல்லாரும் பையை மடியில் இறுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார்கள், மைக் தன்பாட்டுக்கு நிற்கிறது, பக்கத்தில் நானும் இன்னொரு மைக் மாதிரி நிற்கிறேன், "யாராவது ஆரம்பிக்கலாமே" என்று மறுபடியும் சொல்லிச் சிரிக்கிறேன், கன்னம் வலிக்கிறது. வீட்டுச் சாமான் நாள் என்று பெயர் வைத்ததே நான்தான். வீட்டில் கிடக்கும் பழைய பொருள் ஏதாவது கொண்டுவாருங்கள், அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள், ஒரு சாயங்காலம் மட்டும் அது நம் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கட்டும், மாநில வரலாறு என்றால் வாளும் கேடயமும் மட்டுமா, உங்கள் தையல் மிஷினும்தான்… எழுதும்போது எனக்கே புல்லரித்தது. இப்போது அந்தத் தையல் மிஷின்காரம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து, மிஷினின் மூடியை மட்டும் கொண்டுவந்து, அதையும் முந்தானையால் மூடி வைத்திருக்கிறார். எதற்கு இவ்வளவு கூச்சம்? நானே கேட்கலாமா? முன்பு ஒரு தடவை அப்படி ஒருவரைக் கேட்டு அவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார், வேண்டாம்.

கடைசி வரிசையில் இயக்குநர். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நல்ல மனிதர்தான், அதுதான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். போன மாதம் எல்லைக் கற்கள் பற்றிய சொற்பொழிவுக்கு வந்தவர்கள் பேச வந்த பேராசிரியர், நான், காவலாளி, மழைக்கு ஒதுங்கிய ஒருவர். மழை விட்டதும் அவரும் போய்விட்டார். மறுநாள் இயக்குநர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை ஈ ஓட்டினோம்னா இந்த நிகழ்ச்சியெல்லாம் போதும்மா, மண்டபத்தைச் சாமான் வைக்க எடுத்துக்கலாம், உங்களை ஆவணப் பிரிவுக்கு மாத்திடறேன், அங்க ஏ.சி. இருக்கு" என்றார். ஏ.சி.யாம்! கீழ்த்தளத்தில் காகிதங்களோடு, பேச்சுத் துணைக்கு ஒரு கரப்பான்பூச்சிகூட இல்லாத இடத்தில், அரை மணி நேரம் பேசாமல் இருந்தால் வயிறு உப்பிப்போகிற என்னை… வேலை போகாது, சம்பளம் போகாது, நான் போய்விடுவேன், அவ்வளவுதான். இன்றைக்கு இவர்கள் பேசியாக வேண்டும்.

இதற்கு நடுவில் அக்கா வேறு. இத்தனை வருஷத்தில் ஒரு நிகழ்ச்சிக்குக்கூட எட்டிப் பார்க்காதவள், என் அலுவலகத்தை "உன் பழைய சாமான் கடை" என்றே சொல்பவள், இன்றைக்குப் பார்த்து, அப்பாவுக்கு வீட்டில் பொழுது போகவில்லை என்று அவரையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பா விசிறிக்கு நேர் கீழே நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார், பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம், எங்கே போனாலும் முதலில் காற்று எங்கே வருகிறது என்று பார்ப்பார். அக்கா அங்கிருந்து சைகை காட்டுகிறாள், கட்டைவிரலை வாயருகே கொண்டுபோகிறாள், கையை விரிக்கிறாள், வாசலைக் காட்டுகிறாள், தண்ணீர் குடிக்கச் சொல்கிறாளா, தொண்டை வறண்டது அங்கிருந்தே தெரிகிறதா? தலையாட்டினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். என்ன தப்பு செய்தேன்?

அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் ஒரு சலசலப்பு. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எழுந்து போய்க் குனிந்து பார்க்கிறார், இன்னும் இரண்டு பேர் எழுகிறார்கள், என் மைக்குக்கு எழாதவர்கள் எதற்கு எழுகிறார்கள்? நானும் போய் எட்டிப் பார்த்தேன். விளக்கின் கீழே, வெல்வெட் துணியின்மேல், ஓர் ஓரம் நசுங்கிய பச்சை பிளாஸ்க். பக்கத்தில் எங்கள் சீட்டுக்காரரின் முத்து முத்தான கையெழுத்து. அவர் வேலை பொருள்களுக்கு எண் சீட்டு கட்டுவது, வெள்ளைக் கையுறை போட்டுவிட்டால் எதையும் விடமாட்டார், அவர் எதிரில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நம் காதிலும் சீட்டு கட்டிவிடுவார் என்று அலுவலகத்தில் சொல்வோம். "பொருள்: வெந்நீர்க் குடுவை. காலம்: தெரியவில்லை. தந்தவர்: தெரியவில்லை. உள்ளே அடையாளம் தெரியாத பழுப்பு நிறத் திரவம். திறக்கக் கூடாது." தபால்காரர், "இது பட்டாளத்துல குடுத்ததா இருக்கும்" என்கிறார், தையல்காரம்மா மிஷின் மூடியை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு வந்து, "இல்லீங்க, ஆஸ்பத்திரிச் சாமான், அந்தத் தண்ணி மருந்துதான்" என்கிறார், இந்தப் பச்சையை நான் எங்கே பார்த்திருக்கிறேன், எங்கேயோ மிகப் பக்கத்தில்…

"ஐயய்யோ, அது எங்கப்பாவோட டீ!"

அக்காவின் குரலுக்கு மைக் தேவையில்லை. உள்ளே குடிக்கிற சாமான் கொண்டுபோகக் கூடாது என்று காவலாளி சொன்னாராம், வாசல் மேசையில் வைத்துவிட்டு வந்தாளாம், பொருள்களைப் பெற்றுக்கொள்கிற மேசையும் அதுதான் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? சீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை, "பதிவு பண்ணினதை நிகழ்ச்சி முடியறதுக்குள்ள வெளிய எடுக்க முடியாதும்மா, அதைப் பத்திப் பேசினீங்கன்னா சீட்டைத் திருத்தி எழுதறேன்" என்றார், மண்டபம் கொல்லென்று சிரித்தது, இவள் இப்போது சாமான் கடை கதையை எடுத்தாளென்றால்… அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக மைக் பக்கம் நடந்தாள்.

"இது பட்டாளமும் இல்ல, ஆஸ்பத்திரியும் இல்ல, எங்க வீட்டுது" என்று ஆரம்பித்தாள். "எங்கம்மா தவறிப்போன வருஷம்தான் நான் துணிக்கடைல வேலைக்குச் சேர்ந்தேன். நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும், ராத்திரி வந்து விழுந்தா கட்டைதான். காலைல கண்ணு முழிச்சா தலைமாட்டுல இந்த பிளாஸ்க் இருக்கும், உள்ள சூடா டீ. தோ நிக்கறாளே என் தங்கச்சி, அப்ப பரீட்சைக்குப் படிச்சிட்டிருந்த பொண்ணு, விடியறதுக்கு முன்னாடி எழுந்து எனக்கு டீ போட்டு வச்சிட்டுப் படுத்துப்பா. ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டினதில்ல. நானும் இதுநாள்வரை ஒரு வார்த்தை சொன்னதில்ல, இப்ப சொல்லிட்டேன், போதுமா? இனிமேலாவது அந்த டீயைக் குடுங்க." கைதட்டல். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், நானும் அசடு வழியச் சிரிக்கிறேன்… ஆனால் நான் எங்கே டீ போட்டேன்?

யோசிக்க எங்கே விட்டார்கள்? மடையைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது, தபால்காரர் தன் சைக்கிள் மணியை அடித்துக்காட்டிவிட்டுப் பேசினார், தையல்காரம்மா கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மூடிக்குள் ஒளித்து வைத்திருந்த கண்ணாடி வளையல்களின் கதையைச் சொன்னார், யாரோ பூட்டில்லாத சாவிக்கொத்தோடு நிற்கிறார், வரிசை வாசல்வரை போயிற்று, இயக்குநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே நாற்காலி தூக்கிப் போடுகிறார், என்னைத் தாண்டும்போது, "அடுத்த மாசம் பெரிய மண்டபத்துல வச்சுக்கலாமா?" என்கிறார், எனக்குத் தலைகால் புரியவில்லை, ஆவணப் பிரிவின் ஏ.சி.யை அவரே அனுபவிக்கட்டும்! சந்தோஷத்தில் யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன், சீட்டுக்காரரின் கையுறையைக்கூட. ஆனாலும் உள்ளே அது அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தத் தலைமாடு எனக்கும்தானே தலைமாடு? ஒரே அறை, இரண்டு பாய், நடுவில் அந்த பிளாஸ்க். நான் எழும்போது அக்கா கடைக்குப் போயிருப்பாள், பாதி டீ எனக்கு மிச்சம் இருக்கும், கடைக்குப் போகிற அவசரத்திலும் இவள் போட்டு வைத்துவிட்டுப் போகிறாளே என்று குடிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். நானும் அதை அவளிடம் சொன்னதில்லை. அவள் எவ்வளவு வம்பு பேசினாலும் நான் பொறுத்துப்போனதே அந்த டீக்காகத்தான்.

கூட்டத்தில் அவளைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "அக்கா, டீ போட்டது நீதானே?"

"நானா? எனக்கு அப்ப அடுப்புப் பக்கம் போனாலே எரிச்சல். நீதானடி?"

"எனக்கு அப்ப ஸ்டவ் பத்தவைக்கவே தெரியாதுக்கா."

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், நாங்கள் மூன்று பேர்தானே வீட்டில்… ஆனால் அது எப்படி? சர்க்கரை டப்பா எதுவென்று தெரியாதவர், தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தால்தான் குடிப்பவர், அப்படித்தானே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறோம், அவருக்கு அப்போது முதல் பஸ், நாங்கள் எழும்போது பாதி ஊரைச் சுற்றியிருப்பார், அவர் கிளம்புவதை நாங்கள் இருவரும் பார்த்ததே கிடையாது. பார்க்காத நேரத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாருக்குத் தெரியும்? மண்டபத்தில் இருந்த எல்லாரும் எழுந்து போய் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று, அப்பா மட்டும் விசிறிக்கடியை விட்டு அசையவில்லை, அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மைக்கைக் கையில் எடுத்தேன், பிறகு வேண்டாமென்று வைத்துவிட்டு, போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரெல்லாம் கூப்பிட்டு உங்கள் வீட்டுக் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்கிற வாய், இங்கே எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் திணறியது.

"அப்பா, உங்களுக்கு டீ போடத் தெரியுமா?"

அப்பா விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உனக்கு வேணுமா?" என்றார்.