ஏழு எழுத்துக்குள் இருந்த சொல்

"இருபத்திமூண்டு, இருபத்திமூண்டு. ரெண்டு பேரும் சமன்." சுபாகரன் சேர் கரும்பலகையின் இரண்டு மூலைகளிலும் எண்ணை எழுதிவிட்டுத் திரும்பினார். "இன்னும் ஒரு சொல் ஆரிட்டயாவது இருக்கா?"

பெரியகல்லாற்றில், சுனாமிக்குப் பிறகு கட்டிய பொதுமண்டபத்தில் நடந்த மாலை ஆங்கில வகுப்பு அது. 2009 தை மாதம். வெள்ளிக்கிழமைகளில் சேர் ஏழு எழுத்துகள் தருவார். அன்று ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், ரி. அவற்றுக்குள் கிடக்கும் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். சொல் மட்டும் போதாது, அதை வைத்துத் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியமும் சொல்ல வேண்டும். புத்தக வாக்கியம் செல்லாது. இந்த மாதம் முதலாவதாக வருபவரின் பெயரை வீடமைப்பு நிறுவனமொன்றின் எழுதுவினைஞர் வேலைக்குச் சேர் அனுப்புவதாக இருந்தார். போட்டியில் மிஞ்சியவர்கள் கலாஜினியும் பிரதீசும்தான்.

பிரதீசுக்கு அந்த வேலை வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் கொக்கட்டிச்சோலைப் பக்கம் செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது வாவியைக் கடந்து இங்கே சின்னம்மா வீட்டுக்கு வந்தவன். அம்மாவும் அப்பாவும் திரும்பிப் போய்க் கூரையில்லாத வீட்டில் தறப்பாளின் கீழ் இருக்கிறார்கள். கலாஜினிக்குச் சொற்கள் தாமாக வந்து விழும். "எங்கட அப்பா சீனியில்லாம ரீ குடிக்கிறார், சண்டையோட," என்று ஆங்கிலத்தில் சொல்லி அன்று எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தாள். பிரதீசுக்கு அப்படி வராது. ஒரு எழுத்தை எடுத்து, அதன் பின்னால் மற்ற ஆறையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, வரிசையாக எழுதிக்கொண்டு போவான். நிச்சயமில்லாத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பான். அவனுடைய நாட்குறிப்பிலும் அப்படித்தான், பாதிப் பக்கம் புள்ளியாக இருக்கும்.

ஒரு சொல் மிச்சம் இருந்தது. மூன்றே எழுத்து. எஸ், ஈ, ஏ. போன மாதமும் அந்த எழுத்துகள் வந்தன, ஒருவரும் அதைச் சொல்லவில்லை. இவ்வளவு சுலபமானதை எல்லோரும் விட்டால் பிழை தன்னிடம்தான் என்று நினைத்து இரண்டு அகராதிகளில் பார்த்திருந்தான். சொல் சரியாகத்தான் இருந்தது.

எழுந்து நின்று அந்த மூன்று எழுத்துகளையும் சொன்னான். கடல்.

சேரின் கையிலிருந்த சோக்குக்கட்டி பலகையைத் தொடாமல் நின்றது. கலாஜினி அவனுடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

"அந்தச் சொல்ல இஞ்ச ஒருத்தரும் எழுதுறல்ல. உனக்கு ஆரும் சொல்லல்லயா?" என்றாள் மெதுவாக. "தெய்வமணியக்காட மக சுனாமியில ஆறு வயசில போனவ. இன்னும் கிடைக்கல்ல."

தெய்வமணி அவனுக்கு முன்னால், இரண்டாவது வாங்கில் உட்கார்ந்திருந்தாள். தையல் நிலையத்தில் வேலை, வெளிநாட்டுக்காரர் வந்தால் பேச வேண்டுமென்று வகுப்புக்கு வருபவள். அவள் விரித்த கொப்பியைப் பார்த்தபடி இருந்தாள். பிரதீசுக்குக் காது சுட்டது. நாலு கிழமையாக இந்த வகுப்பு முழுவதும் ஒரு சொல்லைச் சுற்றி நடந்து போயிருக்கிறது, அவன் அதன் மேலேயே காலை வைத்துவிட்டான்.

"வேணா சேர். விடுங்க. சமன் எண்டே போடுங்க."

"ஏன் விடுவான்?" தெய்வமணி தலையைத் தூக்கவில்லை. "கண்டுபிடிச்சவன் அவன்தானே. எழுதுங்க சேர். வாக்கியத்தையும் சொல்லட்டும். நீ சொல்லு மனே."

அவன் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் கடல் நீலம் என்பதுதான். அதை இப்போது வாய்க்குள் வைத்திருக்கவே கூச்சமாக இருந்தது. கடலோடு தனக்கு என்ன இருக்கிறது என்று முதலிலிருந்து வரிசையாகத் தேடினான். பிறகு, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, ஆங்கிலத்தில் சொன்னான்: என் அம்மா ஒரு பிள்ளையின் தலைமயிரிலிருந்து கடலைக் கழுவினார்.

சேர் அதைத் தமிழில் திருப்பிச் சொன்னார்.

"எங்க?" என்றாள் தெய்வமணி. இப்போது அவள் திரும்பியிருந்தாள்.

"எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தில அக்கா. அண்டைக்குத் தோணியில சனம் வந்து இறங்கினது. நான் தண்ணி அள்ளிக் குடுத்தன்."

"பொம்புளப்புள்ளயா?"

"ஓம்."

"எத்தின வயசு?"

அவள் வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்த கை வெளுத்துப் போயிருந்ததை அவன் கண்டான். எதையும் நிச்சயமாகச் சொல்லத் தெரியாதவன் அவன். ஆனால் இதில் ஒரு புள்ளி வைத்தாலும் அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு இவள் ஊர் ஊராகப் போவாள் என்று தெரிந்தது.

"அஞ்சாறு இருக்கும். அடுத்த நாள் தாய் வந்தவ. நான் பக்கத்தில நிண்டன். அம்மா எண்டு கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கழுத்தக் கட்டினது. தாய்தான் அக்கா."

தெய்வமணி அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

"நல்லம்," என்றாள். "அதுக்காவது ஆள் வந்ததே."

"அவன்ட பக்கம் ஒண்டக் கூட்டுங்க சேர்," என்றாள் கலாஜினி. சேர் மூன்றை அழித்து நாலு எழுதினார். பிறகு அந்தச் சொல்லை, மற்றச் சொற்களுக்குக் கீழே, அதே அளவில் எழுதினார். பலகையில் ஏறிய சொல்லுக்கு எல்லோரும் ஒவ்வொரு வாக்கியம் எழுத வேண்டும் என்பது வகுப்பு வழக்கம். அதை அன்று அவர் நினைவூட்டவில்லை.

பிரதீஸ் உட்கார்ந்தான். பலகையில் தன் பக்கத்து மூலையில் இருந்த எண்ணை அவனால் பார்க்க முடியவில்லை. முன் வாங்கில் தெய்வமணி கொப்பியில் புதுப் பக்கம் திருப்பிப் பேனையை எடுத்தாள். ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கு ஒரே எழுத்துத்தான், குத்தி நட்ட ஒரு கோடு. அதை எழுதினாள். வெள்ளைத் தாளில் அது தனியே நின்றது. பேனை, அடுத்த சொல்லுக்கு, அதன் பக்கத்தில் காத்திருந்தது.